அஷ்டமுடி மட்டி: ஏரிக்கு ஒரு கணக்கு, உள்ளங்கைச் சேற்றுக்கு ஒரு கணக்கு

எதற்காக இந்தப் பதிவு

கேரளத்தில் கொல்லம் நகரை ஒட்டிக் கிடக்கும் அஷ்டமுடி ஏரியில் மட்டி வளம் நாற்பது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை விழுந்தது. முதல் முறை விழுந்தபோது அங்குள்ளவர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். உலகச் சான்றிதழ் பெறும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் முறை விழுந்ததை மீட்கும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஏரி அதே ஏரி. மட்டி அதே மட்டி. ஓடத்தில் போகிறவர்களும் பெரும்பாலும் அதே கரையோரக் குடும்பங்கள்தான். முதல் முறை கைகொடுத்த விதிகள் இரண்டாம் முறை ஏன் கைகொடுக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

தமிழ்நாட்டில் இதை இப்போது படிக்க வேண்டிய தேவை இருக்கிறது. அஷ்டமுடியின் இரண்டாம் வீழ்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படும் அதே அயல் சிப்பி, எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் பரவிவிட்டது. அங்குள்ள மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். நாம் செய்யப்போவதை அஷ்டமுடிக்காரர்கள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். தொடர்புடைய மட்டி எடுப்பவர்கள், வியாபாரிகள், ஆய்வாளர்கள், அதிகாரிகள் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

ஏரியும் மட்டியும்

அஷ்டமுடி என்றால் எட்டு முடி. பெயருக்கு ஏற்ப ஏரி எட்டுக் கிளைகளாகப் பிரிந்து ஊருக்குள் நுழைந்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 61 சதுர கிலோமீட்டர். கேரளத்தின் காயல்களில் வேம்பநாட்டுக்கு அடுத்த பெரியது. கிழக்கே கல்லடா ஆறு நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மேற்கே நீண்டகரையில் முகத்துவாரம் ஆண்டு முழுவதும் கடலுக்குத் திறந்தே இருக்கிறது. 2002-ல் இது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

வரைபடத்தில் ஒரே நீல நிறமாகத் தெரியும் இந்த நீர் உண்மையில் ஒரே நீர் அல்ல. முகத்துவாரத்துக்கு அருகே அது கிட்டத்தட்டக் கடல்நீர். கிழக்கே போகப் போக உப்புக் குறைகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கல்லடா ஆற்றின் வெள்ளம் உப்புநீரை மேற்கு நோக்கித் தள்ளுகிறது. மழை ஓய்ந்து மாதங்கள் கழித்து உப்பு மெல்லத் திரும்புகிறது. சில கிளைகளின் ஓரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் மட்டையை ஊறப்போட்டுக் கயிறு திரித்திருக்கிறார்கள். அந்த ஓரங்களில் அடிமண் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத சேறு அது. மட்டி அங்கே வாழாது.

இங்கே ஏற்றுமதிக்குப் பேர்போன மட்டியை மலையாளத்தில் பூவன் கக்கா என்பார்கள். ஆய்வு நூல்களில் நெடுங்காலம் பாஃபியா மலபாரிகா என்ற பெயரில் வழங்கியது. வணிகத்தில் 'குட்டைக் கழுத்து மட்டி'. அந்தப் பெயர் விளையாட்டாக வைத்ததல்ல. சேற்றுக்குள் புதைந்திருக்கும் மட்டி, இரண்டு சிறு குழல்களை மேலே நீட்டி ஒன்றால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசியை வடித்துத் தின்று, மற்றொன்றால் நீரை வெளியேற்றுகிறது. இந்த இனத்துக்கு அந்தக் குழல் குட்டை. குழல் குட்டை என்றால் ஆழத்தில் புதைந்திருக்க முடியாது. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருந்தாக வேண்டும். கால் விரலால் துழாவினாலே அகப்பட்டுவிடும். மனிதனுக்கு இது எளிதாகக் கிடைத்ததற்கும், பின்னால் ஓர் அயலான் மேலே வந்து படர்ந்தபோது இது தப்ப முடியாமல் போவதற்கும் காரணம் அந்தக் குட்டைக் குழல்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு மட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஓட்டின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வரிவரியாக வளையங்கள் ஓடும். வளர வளர ஓரத்தில் சேர்ந்துகொண்டே வந்த வரிகள் அவை. நன்னீர் வந்தால் மட்டி இரண்டு ஓட்டையும் இறுக மூடிக்கொள்ளும். சில நாள் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் வடியாமல் நின்றால் செத்துப்போகும். அதனால்தான் நல்ல படுகைகள் எல்லாம் தளவாபுரம், நீண்டகரை என்று ஏரியின் மேற்குப் பக்கமாக, கடல்நீர் வந்துபோகும் இடங்களில் குவிந்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. உச்ச ஆண்டில் இந்த ஏரியிலிருந்து எடுத்தது ஓட்டோடு சேர்த்து ஏறத்தாழ 10,000 டன். அதை 61 சதுர கிலோமீட்டருக்கும் பங்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 160 கிராம் வரும். கணக்கு சரிதான். ஆனால் அந்த 160 கிராம் ஏரியில் எங்குமே இல்லை. மட்டை ஊறும் கிளையில் சுழியம். கிழக்கே ஆற்று வாயில் சுழியம். மேற்கே ஒரு படுகையின் நடுவில் கை வைத்த இடமெல்லாம் மட்டி. அதே படுகையில் நாலு பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளிப் போனால் வெறும் மணல். ஏரி, கிளை, படுகை, உள்ளங்கையளவு சேறு என்று நான்கு அளவில் நான்கு விதமாகத் தெரிகிற உயிர் இது. எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் 'மட்டி கூடியது, குறைந்தது' என்று பேசுவதில் பொருளில்லை.

1981 முதல் 1993 வரை

1981-க்கு முன்பும் கரையோரக் குடும்பங்கள் மட்டி எடுத்தன. வீட்டுக் குழம்புக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் இறைச்சி, சுண்ணாம்புக்கு ஓடு. 1981-ல் ஏற்றுமதி தொடங்கியது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் தேவை தொழிலின் அளவையே மாற்றிவிட்டது.

வேலை இப்படி நடக்கும். விடிவதற்கு முன் சிறு ஓடத்தில் படுகைக்குப் போவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக் காலாலும் கையாலும் எடுப்பது. சற்று ஆழமான இடத்தில் நீண்ட கழியின் முனையில் இரும்பு வாரியும் வலைப்பையும் கட்டி ஓடத்தில் நின்றபடி அடிமண்ணை வாரி இழுப்பது. பையை நீரிலேயே அலசினால் சேறு கரைந்து மட்டி மிஞ்சும். கரைக்கு வந்ததும் பெரிய பாத்திரங்களில் வேகவைப்பார்கள். வெந்ததும் ஓடு வாய் பிளக்கும். அதைச் சல்லடையில் கொட்டி உலுக்க, இறைச்சி கீழே விழுந்து ஓடு மேலே நிற்கும். கரையிலுள்ள வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. பொறுக்கி, கழுவி, எடைபோட்டு அனுப்பினால் பதப்படுத்தும் ஆலை உறையவைத்துக் கப்பலேற்றும்.

எடுப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 1991-ல் 10,000 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. 1993-ல் பாதியாக விழுந்தது.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1991 வரை ஏரியின் மொத்தக் கணக்கைப் பார்த்தவர் யாருக்கும் கவலைப்படக் காரணம் தெரிந்திருக்காது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் மொத்த எடுப்பு என்பது மட்டி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அல்ல. எவ்வளவு பேர் எவ்வளவு நேரம் வாரினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண். திட்டுத் திட்டாக வாழும் உயிரில் இந்த மயக்கம் இன்னும் மோசமாக இருக்கும். ஒரு திட்டு தீர்ந்தால் ஓடம் அடுத்த திட்டுக்கு நகரும். அன்றைய கூடை நிறைந்துவிடும். கூடை நிறைகிறவரை கணக்கில் குறைவு தெரியாது. கடைசித் திட்டுகளுக்கு வரும்போதுதான் எண் விழும். அப்போது படிப்படியாக விழாது, ஒரேயடியாக விழும்.

பின்னால் வந்த விதிகளைப் படித்தாலே அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பது புரியும். வலைக்கண்ணுக்கு அளவு வைக்க வேண்டியிருந்தது என்றால், குஞ்சு மட்டியும் வாரப்பட்டிருக்கிறது. மூன்று மாதம் மூட வேண்டியிருந்தது என்றால், சினை மட்டியும் வாரப்பட்டிருக்கிறது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையின் பேரில் 1990-களில் கட்டுப்பாடுகள் வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கத் தடை. வலைப்பையின் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதிக்குப் போகும் இறைச்சி கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. இயந்திரம் வைத்து வாரக் கூடாது.

நான்கும் ஒரே மாதிரி விதிகள் போலத் தோன்றினாலும் அவை வெவ்வேறு அளவில் வேலை செய்தன. அந்தப் பொருத்தத்தில்தான் இவற்றின் வெற்றி இருந்தது என்பது என் கணிப்பு.

மூன்று மாதத் தடை ஏரி முழுவதற்குமானது. 'பலவீனமான படுகையை மட்டும் மூடுவோம், மற்றவற்றில் எடுக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். குடும்பங்களுக்கு அது எளிதாக இருந்திருக்கும். ஆனால் மட்டி தன் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிடுகிறது. கரு வளர்ந்து மிதக்கும் இளம் உயிரி, அடியில் இறங்குவதற்கு முன் இரண்டு வாரம் போல நீரோட்டத்தின் போக்கில் அலைகிறது. தளவாபுரத்தில் பிறந்தது தளவாபுரத்திலேயே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஒரு படுகையின் குஞ்சு இன்னொரு படுகையின் தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். எனவே பிறப்பைக் காக்க வேண்டுமானால் காக்கும் எல்லை முழு ஏரியாகத்தான் இருக்க வேண்டும். மழைநீர் வடிந்து உப்பு ஏறும் மாதங்களாகப் பார்த்து மூடினார்கள்.

வலைக்கண் விதி ஒவ்வொரு மட்டியின் அளவில் வேலை செய்தது. வாரியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிறியது அதே இடத்தில் நழுவி விழுகிறது. இங்கே 'அதே இடத்தில்' என்பதுதான் பெரிய விஷயம். கரைக்குக் கொண்டுவந்து பிரித்துச் சிறியதைத் திரும்பக் கொட்டினால், அது கொட்டிய இடத்தில் விழும். பொருத்தமான மண்ணில் விழாது. கண் பெரிதானால் குஞ்சு தன் திட்டை விட்டுப் போவதே இல்லை.

1,400 எண்ணிக்கை விதி நான் மிகவும் மதிக்கும் விதி. கணக்குப் போட்டால் ஒரு மட்டியின் வெந்த இறைச்சி 0.7 கிராமாவது இருக்க வேண்டும் என்றாகிறது. விடிகாலையில் ஏரி முழுக்கச் சிதறியிருக்கும் ஓடங்களைத் தொடர்ந்து போய் வலைக்கண்ணை அளந்துகொண்டிருக்க எந்தத் துறையிடமும் ஆள் இல்லை. ஆனால் அத்தனை ஓடத்தின் சரக்கும் கடைசியில் சில ஆலைகளின் தராசுக்கு வந்துதான் ஆக வேண்டும். சிறியதை வாங்க ஆலை மறுத்தால், சிறியதை வார ஆள் இருக்காது. நீரில் காவல் காக்க முடியாததைத் தராசில் காவல் காத்தார்கள்.

இந்த முடிவுகளுக்கு விலை இருந்தது. நாள் கூலி போல வாழும் குடும்பங்களுக்கு மூன்று மாத வருமானம் நின்றது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டதால்தான் மற்றதெல்லாம் நடந்தது. அறிக்கைகளில் இது ஒரு வரியாகக் கடந்துபோகிறது. அப்படிக் கடந்துபோகக் கூடாத வரி அது.

நிலைத்த ஆண்டுகள்

எடுப்பு மீண்டது. விதிகள் வந்த பின் ஒரு பத்தாண்டு காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் என்ற அளவில் நிலைத்து நின்றது. உலக இயற்கை நிதியத்தின் இந்தியப் பிரிவு துணைநிற்க, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மட்டி எடுப்பவர்கள், மீன்வளத் துறை, ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதியாளர்கள் எல்லாரும் உட்காரும் ஓர் ஆட்சிக் குழு அமைந்தது. 2014 நவம்பரில், வளம் குன்றாமல் நடக்கும் மீன்பிடித் தொழில்களுக்கு உலக அளவில் தரப்படும் கடல்சார் பொறுப்பாண்மைக் குழுமத்தின் (MSC) சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்றிதழைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் இதுதான். ஆசியாவில் மட்டிக்கு வழிகாட்டி வியட்நாமின் அன்றைய பென் தரே மாகாணம். அது 2009-லேயே பெற்றுவிட்டது. எடுப்பது, வேகவைப்பது, சுத்தம் செய்வது, விற்பது என்று சுமார் 3,000 பேர் அப்போது அஷ்டமுடி மட்டியை நம்பி இருந்தார்கள்.

இருப்பை மதிப்பிடும் வேலையைப் பற்றி ஒரு சொல். படுகையில் குறிப்பிட்ட அளவுள்ள சதுரச் சட்டத்தை இறக்கி, அதற்குள் உள்ள மண்ணை முழுவதும் தோண்டி, சலித்து, அகப்பட்ட மட்டியை எண்ணி, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எழுதுவார்கள். பிறகு பல சதுரங்களின் சராசரியை எடுத்துப் படுகையின் பரப்பால் பெருக்குவார்கள். இதில் மறைந்திருக்கும் இடறுகல்லை ஓர் உதாரணத்தால் காட்டலாம். பத்துச் சதுரம் இறக்கினோம். ஒன்பதில் ஒன்றுமில்லை, பத்தாவதில் 900 மட்டி. சராசரி 90. இன்னொரு படுகையில் பத்திலும் தலா 90. அங்கேயும் சராசரி 90. அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஏரியில் நிலைமை நேர்மாறு. முதல் படுகையை ஒரே ஓடம் ஒரு வாரத்தில் துடைத்துவிடும். இரண்டாவது பல மாதம் தாங்கும். சராசரியை மட்டும் எழுதி, எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை எழுதாத அறிக்கை இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். மட்டி எடுப்பவருக்கு இது புதிதல்ல. 'அங்கே கொத்தாகக் கிடக்கும், இங்கே பரவலாகக் கிடக்கும்' என்று அவர் பேச்சுவாக்கில் சொல்வதும் இதுதான். அந்தச் சொல்லுக்கு அறிக்கையில் ஒரு பத்தி ஒதுக்குவதில்லை.

வரத்தன்

2019-ல் ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகியவற்றின் கரைகளைத் தாயகமாகக் கொண்ட சார்ரு என்ற சிப்பி கேரளக் காயல்களில் பரவியிருக்கிறது. அஷ்டமுடியில்தான் மிக அடர்த்தி. சதுர மீட்டருக்கு 11,384 வரை எண்ணப்பட்டது. உள்ளூர் மக்கள் அதற்கு முன்பே அதைப் பார்த்துப் பெயரும் வைத்திருந்தார்கள்: வரத்தன் கக்கா. வந்தேறி மட்டி என்று பொருள்.

அந்த எண்ணை உள்ளங்கையளவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுரத்தில் 114 சிப்பிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, தன் நூலால் கம்பத்தையும் கல்லையும் ஓடத்தின் அடியையும் வலையையும் ஒன்றோடொன்றையும் பற்றிக்கொண்டு கம்பளம் போல விரிகிறது. பிய்த்தால் நூலோடு தகடாக வரும். கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியோ, கப்பல் நிலைக்காக அடியறையில் நிரப்பிக் கொண்டுவந்து வெளியேற்றும் நீரிலோ இது கடல் கடந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. 2017-ன் ஒக்கி புயல் பரவலை விரைவுபடுத்தியிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். முரிங்ங என்று அங்கே சொல்லும் ஆளியும், பச்சைச் சிப்பியும் ஒட்டி வாழ்ந்த இடங்களை இது பிடித்துக்கொண்டது.

பூவன் கக்காவை ஏரியின் மேற்கு ஓரத்திலேயே கட்டிவைத்தது உப்பு. இந்த வரத்தனுக்கு அந்தக் கட்டு இல்லை. உப்பு மிகக் குறைந்த நீரிலும் வாழும், கடல்நீரிலும் வாழும். நம் மட்டிக்கு நான்கு வெவ்வேறு உலகமாக இருந்த ஏரி இதற்கு ஏறக்குறைய ஒரே உலகம். கம்பளம் படுகையின் மேல் விரிந்தால் கீழே குட்டைக் குழலோடு இருக்கும் மட்டிக்கு நீர் எட்டாது. மேலேயே அத்தனை வாய்கள் நீரை வடித்துக்கொண்டிருக்கும். இறங்க வரும் குஞ்சுக்கு மண்ணே தெரியாது.

முதல் வீழ்ச்சியில் வகுத்த விதிகளை இதன்மேல் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மூன்று மாதத் தடை மனிதனை நிறுத்தும், சிப்பியை நிறுத்தாது. வலைக்கண் சிறியதைத் திரும்ப நீரிலேயே விடும். வரத்தனின் குஞ்சையும் சேர்த்துத்தான் விடும். தராசில் நிற்கும் காவலுக்கு, விற்கவே வராத ஓர் உயிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த விதிகளில் குறை இல்லை. அவை எடுப்பதைக் கட்டுப்படுத்த எழுதியவை. நுழைவதைப் பார்க்க யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. நுழைவு நடந்ததோ கண்டங்களுக்கு இடையிலான அளவில். அடி விழுந்ததோ உள்ளங்கையளவில். நம் அளவுகோல் இரண்டுக்கும் நடுவே, ஏரியின் மொத்த டன் கணக்கில் நின்றுகொண்டிருந்தது.

எல்லாப் பழியையும் வரத்தன் மேல் போடுவது சரியல்ல. ஏரியில் சாக்கடையும் குப்பையும் கலந்துகொண்டே இருந்தன. வேம்பநாடு, அஷ்டமுடி ஏரிகளின் மாசைத் தடுக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023-ல் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாசு எவ்வளவு, வண்டல் எவ்வளவு, வரத்தன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, படுகை வாரியாகத் தொடர்ந்து எழுதிவைத்த பழைய கணக்கு வேண்டும். ஏரி முழுவதற்குமான டன் கணக்கிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. விளைவு மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது: மட்டி எடுப்பு பழைய அளவிலிருந்து மிகக் கீழே போய்விட்டது.

விதை மட்டி

2024-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், தன் விழிஞ்ஞம் மையத்தின் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த 30 லட்சம் பூவன் கக்கா குஞ்சுகளை அஷ்டமுடியில் விட்டது. தேர்ந்தெடுத்த இடங்களில் விட்டார்கள். அந்தத் தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது.

30 லட்சம் என்றால் பெரிய எண்ணாகக் காதில் விழுகிறது. 61 சதுர கிலோமீட்டர் என்பது 6 கோடியே 10 லட்சம் சதுர மீட்டர். ஏரி முழுக்கத் தூவினால் இருபது சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சு. அது விதைத்ததாகவே கணக்கில்லை. முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுச் சேரவைக்கும் உயிருக்கு அண்டையில் துணை இல்லாவிட்டால் வாரிசும் இல்லை. அதே 30 லட்சத்தை ஒரே ஹெக்டேரில் விட்டால் சதுர மீட்டருக்கு 300. அங்கே ஒரு படுகை பிறக்க வழி உண்டு. ஏரியை நிரப்ப இந்த எண் போதாது. ஓரிரு தாய்ப் படுகைகளை உண்டாக்கி, அவை விடும் குஞ்சு நீரோட்டத்தில் பரவி மற்ற இடங்களைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கத் தாராளமாகப் போதும். அந்தத் தாய்ப் படுகைகளின் மேல் வரத்தன் படராமல் கையால் பிய்த்துப் பிய்த்துக் காக்கவும் ஓரிரு ஹெக்டேர் என்றால் ஆள் கிடைக்கும். ஏரி முழுவதற்கும் கிடைக்காது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

மூன்று மாதத் தடை தொடங்கும் டிசம்பர் முதல் நாளில் ஓடங்களெல்லாம் கரையில் கிடக்கும். அந்த நாளை எண்ணும் நாளாக ஆக்கியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதே நாளில், அதே கம்பங்கள் நட்ட அதே இடங்களில், மட்டி எடுப்பவர்களே சட்டத்தை இறக்கி எண்ணுவது. எண்ணியதைப் படுகைப் பெயரோடு எழுதுவது. ஒவ்வொரு சதுரத்தின் எண்ணையும் தனித்தனியே வைத்துக்கொள்வது. வருமானம் நிற்கும் அந்த மாதங்களின் முதல் வாரத்துக்கு அவர்களுக்குக் கூலி கொடுப்பது. இப்படி இருபது ஆண்டு எழுதியிருந்தால் எந்தப் படுகை எந்த ஆண்டு எதனால் சாய்ந்தது என்று இன்று விரல் வைத்துக் காட்டியிருக்கலாம்.

சட்டத்துக்குள் மட்டியை மட்டும் எண்ணாமல், அகப்பட்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். பெயர் தெரியாத சிப்பி ஒன்றே ஒன்று வந்தாலும் எழுத வேண்டும். சதுர மீட்டருக்கு 11,384 ஆவதற்கு முன் அது என்றோ ஒருநாள் ஒன்றாகவும் பத்தாகவும் இருந்திருக்கும். அந்த நாளில் அதைப் பார்த்த கை ஏதோ ஒரு மீனவரின் கையாகத்தான் இருந்திருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் இருந்ததா என்பதே கேள்வி. ஆட்சிக் குழுவின் கூட்டத்தில் எடுப்பு, விலை, தடைக்காலம் ஆகியவற்றோடு 'இந்த மாதம் புதிதாக என்ன கண்டீர்கள்' என்ற ஒரு பொருளும் நிரந்தரமாக இருந்திருக்க வேண்டும்.

துறைமுக முகத்துவாரத்தில் ஒட்டுப்பலகைகளைத் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது செலவு குறைந்த வேலை. சில மரப்பலகை, கயிறு, ஒரு குறிப்பேடு போதும். ஒட்டி வாழும் அயலான் மண்ணில் இறங்குவதற்கு முன் அங்கே வந்து ஒட்ட வாய்ப்புண்டு.

எண்ணூரில் நிலைமை இன்னும் அவசரமானது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் காக்கா ஆழி அடிமண்ணைக் கம்பளமாக மூடியிருக்கிறது. இறால் புதைய மண்ணில்லை, கையால் இறால் தடவிப் பிடிக்கும் குடும்பங்களுக்குக் கை வைக்க இடமில்லை. வாரி அகற்றுவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பசுமைத் தீர்ப்பாயமும் இதைக் கையில் எடுத்தது. ஆற்றின் நீளத்தையும் வார வேண்டிய டன்னையும் வைத்துப் போடும் திட்டம் மறுபடியும் ஏரிக் கணக்காகவே முடியும் என்று அஞ்சுகிறேன். இயந்திரம் வைத்து அடிமண்ணோடு வாரினால், கீழே மிச்சமிருக்கும் மட்டியும் அதோடு போய்விடும். உடைந்த கொத்துகள் நீரோட்டத்தில் போய் வேறெங்காவது ஒட்டவும் கூடும். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் காக்கா ஆழி இன்னும் எட்டாத மட்டித் திட்டுகள் எவை என்று ஆற்றில் இறங்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் திட்டுகளின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, அங்கிருந்து தொடங்கிக் கையால் அகற்றிக்கொண்டு வெளியே வருவதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்துவிட வேண்டும்.